தீட்டும் கதிர்வீச்சும்: ஃபுகுஷிமாவிலிருந்து நம் காலனி வரை

மார்ச் 11 வந்தால் ஃபுகுஷிமாவைப் பற்றி இரண்டு விதமான கட்டுரைகள் வரும். ஒன்று, அணு உலை எவ்வளவு பயங்கரமானது என்று சொல்லும். இன்னொன்று, கதிர்வீச்சால் நேரடியாகச் செத்தவர்களை விரல்விட்டு எண்ணிக் காட்டி, மக்கள் பயந்ததுதான் தப்பு என்று முடிக்கும். இரண்டையும் வருடா வருடம் வாசிக்கிறோம். இரண்டிலும் நாங்கள் தேடும் கேள்வி இருப்பதில்லை. வெடித்த உலைக்குள் துடைக்கும் துணியோடு போனவர் யார்?

2011இல் சின்னப் பிள்ளைகளாக இருந்த தம்பி தங்கைகளுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அன்று பிற்பகல் ஜப்பானின் கிழக்குக் கடலில் 9.0 அளவில் நிலநடுக்கம் வந்தது. ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை நிலநடுக்கம் அறுத்தது. ஒரு மணி நேரத்துக்குள் வந்த சுனாமி, மாற்று ஏற்பாடாக இருந்த டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அடுத்த ஆண்டு ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, இது மனிதர்கள் உண்டாக்கிய விபத்து என்று எழுதியது. இயற்கை மேல் பழி போட முடியவில்லை.

இனி அந்தத் துடைக்கும் துணிக்கு வருவோம். விபத்து நடந்த இரண்டே வாரத்தில், மார்ச் 24 அன்று, மூன்றாம் உலையின் டர்பைன் கட்டிடத்தில் கேபிள் போடப் போன மூன்று தொழிலாளர்கள் கதிரியக்கம் கலந்த தண்ணீரில் நின்று வேலை செய்தார்கள். இரண்டு பேர் காலில் உயரமான பூட்ஸ்கூட இல்லை, தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. மூவரும் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். உலை டெப்கோ கம்பெனியுடையது. உள்ளே உழைத்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். காண்ட்ராக்ட், அதற்குக் கீழே சப் காண்ட்ராக்ட், அதற்கும் கீழே இன்னொன்று என்று படிக்கட்டு இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் கூலியில் ஒரு பங்கு கழியும். 2012இல் வெளியே வந்த ஒரு செய்தி இது: கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டரை ஈயத் தகட்டால் மூடிக்கொள்ளும்படி ஒரு காண்ட்ராக்டர் தன் ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். அளவு கூடினால் அந்த ஆளை அதற்குமேல் வேலைக்கு அனுப்ப முடியாது, அதனால்.

ஒசாகா நகரில் கமகசாகி என்றொரு தினக்கூலிச் சந்தை இருக்கிறது. விடியற்காலையில் ஆட்கள் வந்து நிற்பார்கள், வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நம் ஊர் டவுன்களில் கொத்தனார், சித்தாள் நிற்கும் முச்சந்தி மாதிரி. அங்கிருந்து மியாகி மாகாணத்தில் லாரி ஓட்டும் வேலை என்று கூட்டிக்கொண்டு போன ஒருவரை ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் இறக்கிவிட்ட செய்தி 2011 மே மாதம் ஜப்பான் பத்திரிகைகளில் வந்தது. கமகசாகி இருக்கும் நிஷினாரி பகுதியில்தான் பெரிய புராக்கு குடியிருப்பும் இருக்கிறது. புராக்கு மக்கள் யார் என்று நம் வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிட்டவர்கள், மாடு அறுத்தவர்கள், பிணம் புதைத்தவர்கள். 1871இல் அரசாணை போட்டு இழிவை ஒழித்ததாக அறிவித்தார்கள். ஐம்பது வருடம் கழித்தும் ஒழியாததால் 1922இல் அவர்களே சங்கம் கட்டினார்கள். அணு உலைக் கூலிகள் எல்லாரும் புராக்கு என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சந்தையில் புராக்கு மக்களோடு கொரிய வம்சாவளியினரும் ஒகினாவாக்காரர்களும் கடனில் மூழ்கியவர்களும் நின்றார்கள். ஆனால் மேலே இருப்பவர்களின் பிள்ளைகள் அங்கே நிற்கவில்லை.

இதைவிட எங்களை உறுத்திய விஷயம் வேறு. வெளியேறிய மக்கள் போன இடங்களில் என்ன நடந்தது? ஃபுகுஷிமாவிலிருந்து யோகோஹாமா போன ஒரு பையனைப் பள்ளியில் கூடப் படித்தவர்கள் 'கிருமி' என்று கூப்பிட்டார்கள். 2016இல் இது பெரிய செய்தியானது. ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களுக்குப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுத்தார்கள் என்பது பழைய கதை. கதிர்வீச்சுக்கு ஆளான மனிதரைத் தொட்டால் அது நமக்கு ஒட்டிக்கொள்ளாது, தொற்றுநோய் மாதிரிப் பரவாது. உடம்பிலும் துணியிலும் படிந்த தூசியைக் கழுவி அகற்றலாம். ஆனால் 'கெட்டுப்போன மனிதர்' என்று ஒதுக்குவது விஞ்ஞானம் தெரிந்த சமூகத்திலும் உடனே வந்துவிட்டது. தீட்டு என்ற சொல்லோடு இரண்டாயிரம் வருடம் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். நிஜமான நஞ்சான சீசியம் மண்ணில் பாதியாகக் குறையவே முப்பது வருடம் ஆகும், அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பொய்யான நஞ்சான தீட்டையும் கண்ணால் பார்க்க முடியாது. முதலாவதை 'அளவுக்குள்தான் இருக்கிறது' என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். இரண்டாவதற்கு அளவே கிடையாது.

இந்த விவாதத்தில் 'பயம்' என்ற சொல் எப்படிப் புழங்குகிறது என்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். நமியே ஊர் மக்கள் உலைக்கு அருகிலிருந்து தப்பி வடமேற்கில் உள்ள சுஷிமாவுக்குப் போனார்கள். கதிரியக்க மேகமும் அதே திசையில்தான் போனது. காற்று எங்கே போகும் என்று கணிக்கும் ஸ்பீடி என்ற கணினி அமைப்பு அரசிடம் இருந்தது, கணிப்பும் கையில் இருந்தது. மக்கள் பீதியடைவார்கள் என்ற காரணமும் சொல்லி, உரிய நேரத்தில் வெளியிடவில்லை. ஏப்ரலில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட் வரை இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். சாதாரண நாளில் பொதுமக்களுக்கு 1 மில்லி சீவர்ட்தான் வரம்பு. பிரதமருக்கு ஆலோசகராக இருந்த கோசாக்கோ என்ற கதிர்வீச்சுப் பேராசிரியர் இதை ஏற்க முடியாது என்று பத்திரிகையாளர்கள் முன்னால் கண்ணீரோடு பதவி விலகினார். அணுசக்தியை எதிர்த்துக் கொடி பிடித்தவர் அல்ல அவர், அந்தத் துறைக்குள்ளேயே இருந்தவர்.

நம் ஊரில் அதே 2011 ஆகஸ்டிலிருந்து இடிந்தகரை மக்கள் கூடங்குளம் உலைக்கு எதிராக உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஆலோசனை சொல்ல நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்களை ஏற்பாடு செய்தது மத்திய அரசு. கேள்வி கேட்பவனுக்குப் பைத்திய வைத்தியம்! பிரதமர் மன்மோகன் சிங் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள்தான் பின்னால் இருக்கின்றன என்றார். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு போட்டார்கள். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடி, கண்ணீர்ப்புகை. மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனார். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்த தீர்ப்பிலேயே, போராடியவர்கள் மேலுள்ள கிரிமினல் வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது.

'கூடங்குளம் எங்கேயோ கன்னியாகுமரிப் பக்கம் இருக்கு, பட்டுத்தறி ஓடுற ஊர்ல உட்கார்ந்துகிட்டு நாம ஏன் பேசணும்?' என்று பெரணமல்லூரில் நடந்த ஒரு வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவி கேட்டார். சரியான கேள்விதான். கூடங்குளத்தை விடுவோம். பெரணமல்லூரிலிருந்து நேர் கிழக்கே மேப்பில் ஒரு கோடு போட்டால் கடற்கரையில் கல்பாக்கம் வரும். நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 2011 மார்ச்சில் அமெரிக்க அரசு ஃபுகுஷிமாவிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் தன் குடிமக்களை வெளியேறச் சொன்னது தெரியுமா? 50 மைல். அதுவும் 80 கிலோமீட்டர்தான். இந்தியாவில் அவசரகாலத் திட்டம் போடும் வட்டம் 16 கிலோமீட்டர். ஃபுகுஷிமாவில் இதாத்தே என்ற கிராமம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. முதலில் மற்றவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் அது. ஒரு மாதம் கழித்து அந்த ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். காற்று வட்டம் போட்டு வீசுவதில்லை. இங்கே வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து நம் பக்கமாகத்தான் வீசும்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கல்பாக்கத்தில் உள்ள 220 மெகாவாட் உலைகள் ஃபுகுஷிமாவில் உருகியவற்றைவிடச் சிறியவை, வடிவமைப்பும் வேறு. 2004 சுனாமியில் ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அன்று நிலம் நடுங்கியது சுமத்ராவில், கல்பாக்கத்துக்கு வந்தது அலை மட்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன என்பதுதான் ஃபுகுஷிமா கேட்ட கேள்வி. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் 5.5 அளவில் நிலநடுக்கம் வந்து சென்னை வரை உணரப்பட்டது. 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு ஊழியர்கள் அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். வெளியுலகத்துக்குத் தெரியப் பல மாதம் ஆனது. எங்கள் கவலை உலையைவிட இந்த மௌனத்தைப் பற்றியது.

சரி, ஒரு நாள் வெளியேறச் சொல்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பஸ் எந்தத் தெருவுக்கு முதலில் வரும்? கல்யாண மண்டபத்தை யாருக்குத் திறப்பார்கள்? இது கற்பனைக் கேள்வி அல்ல. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் நிவாரண முகாம்கள் சாதிவாரியாகப் பிரிந்தன. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் தலித் குடும்பங்களை முகாமில் தனியாக ஒதுக்கியதும், பொதுத் தண்ணீர்த் தொட்டியில் பிடிக்க விடாததும் அன்றைய உண்மையறியும் அறிக்கைகளில் இருக்கின்றன. அழுகிய பிணங்களை எடுக்க வேறு ஊர் நகராட்சிகளிலிருந்து யாரைக் கொண்டுவந்தார்கள்? 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக் குப்பையை அள்ள மாவட்டங்களிலிருந்து யாரைக் கையுறைகூட இல்லாமல் லாரியில் ஏற்றினார்கள்? கதிரியக்கத் தூசி படிந்த மண்ணை ஒரு நாள் வாரவேண்டி வந்தால் அந்த லாரி எந்தக் காலனிக்கு வரும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும்.

நம் தோழர்களில் சிலர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: அம்பேத்கர் மின்சாரத்தை ஆதரித்தார், நாம் எதிர்ப்பதா? 1940களில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, தொழில்மயமாக மலிவான, ஏராளமான மின்சாரம் வேண்டும் என்று அவர் வாதாடியது உண்மை. அதில் ஒரு வார்த்தையும் நாங்கள் மறுக்கவில்லை. கடைசியாகக் கரண்ட் வந்தது நம் தெருவுக்குத்தான். ஆனால் மின்சாரம் வேண்டும் என்றவர், மின்சாரம் உண்டாக்கும் இடத்தில் வேலை நேரமும் கூலியும் உழைப்பவர் பாதுகாப்பும் சட்டமாக வேண்டும் என்று சொன்ன அதே மனிதர். பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் படத்தை உலைக்கு மாட்ட வேண்டாம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அணு உலை எதிர்ப்பு மேடைகளில் இயற்கை, கடல், வருங்காலத் தலைமுறை எல்லாம் பேசுகிறார்கள். சாதி பேசுவது குறைவு. கடலோர மக்களின் போராட்டத்தை நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம். அதே கடலோரத்தில் சுனாமி முகாமில் நம்மைத் தள்ளி வைத்தவர்கள் யார் என்பதையும் அந்த மேடையிலேயே பேசுவோம். கூட நிற்பவனிடம்தானே உரிமையோடு கேட்க முடியும்?

நஷ்டஈடு விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. 2010இல் வந்த அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் உலையை நடத்துபவரின் பொறுப்புக்கு 1,500 கோடி ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதுவும் போதாதென்று, அணுமின் துறையில் தனியாரைச் சேர்க்க அந்தச் சட்டத்தையே திருத்தப் போவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தொகை எவ்வளவாகவும் இருக்கட்டும், கொடுக்கும்போது என்ன கேட்பார்கள்? பட்டா. கம்ப்யூட்டர் சிட்டா. புறம்போக்கில் குடிசை போட்டவருக்கு, அடுத்தவர் நிலத்தில் நாற்று நடுபவருக்கு, அடுத்தவர் தறியில் கூலிக்குப் பட்டு நெய்பவருக்கு எந்தக் காகிதம் இருக்கிறது? நிலம் கெட்டால் நிலத்துக்காரருக்குப் பணம் வரும். அந்த நிலத்தில் வேலை போனவருக்கு வரவேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி எழுத வைப்பது நம் வேலை.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். கல்பாக்கத்துக்கு வெளியே செயல்படுத்தும் அவசரகாலத் திட்டம் மாவட்ட ஆட்சியர் பொறுப்பு, இப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு போடுங்கள். 16 கிலோமீட்டருக்குள் உள்ள ஆதிதிராவிடர், இருளர் குடியிருப்புகளின் பெயர்ப் பட்டியல் திட்டத்தில் இருக்கிறதா? அயோடின் மாத்திரை யாருக்கு, எங்கே வைத்திருக்கிறார்கள்? கடைசி ஒத்திகை எப்போது நடந்தது, எந்தெந்தத் தெருக்களில்? துப்புரவுப் பணிக்கு யாரை அனுப்புவார்கள், அவர்களுக்கு டோசிமீட்டர் உண்டா? இதே மாதிரி ஒரு மனுவைத் திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்துக்கும் போடுங்கள், நம் மாவட்டப் பேரிடர் திட்டத்தில் கல்பாக்கம் என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு. முப்பது நாளில் பதில் தரவேண்டும். ரகசியம் என்று மறுத்தால் மறுத்த கடிதத்தைக் கிழிக்காமல் பத்திரமாக வையுங்கள், மேல்முறையீட்டுக்கு அதுதான் வேண்டும்.