பயம் போனால்தான் ஐக்கியம்!

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடியிலும் ஷிப்டு விட்டு வெளியே வரும் கூட்டத்தைப் பாருங்கள். பூந்தமல்லிக்கு அப்பால் நடவுக்கும் அறுப்புக்கும் போகும் கூட்டத்தைப் பாருங்கள். அவர்களில் திருநங்கைகள் உண்டு, திருநம்பிகள் உண்டு, ஆணையே விரும்பும் ஆண்களும், பெண்ணையே விரும்பும் பெண்களும் உண்டு. பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. திறந்தால் கேலி. கேலியைத் தொடர்ந்து வேலைக்கு ஆபத்து. குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு ஆபத்து. பெற்றவர் வீட்டிலேயே அடி, உதை!

"கூலிக்கும் போனசுக்கும் போராடவே நேரம் போதவில்லை, இந்தப் பேச்சு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நமது பதில் இதுதான்: மறைக்க வேண்டிய ரகசியம் ஒன்று இருக்கும் தொழிலாளியை மிரட்டுவது சுலபம். "உன் சங்கதியை ஊருக்கே சொல்லிவிடுவேன்" என்று மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் ஓவர்டைம் பாக்கியைக் கேட்கமாட்டார், சங்கத்தில் சேரமாட்டார், வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கமாட்டார். அவருடைய பயம் முதலாளிக்கு லாபம். நம் அனைவருக்கும் நஷ்டம்.

"இது நம் பண்பாட்டுக்கு விரோதம்" என்று கூச்சலிடுவோர் சரித்திரத்தைப் புரட்டட்டும். ஒரு பாலினத்தார் தமக்குள் நேசித்து வாழ்வதைக் குற்றமாக்கிய 377-வது பிரிவை 1860-ல் எழுதியது வெள்ளைக்கார சர்க்கார். 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தபோது, வடக்கே ஹிஜ்ராக்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்கவும் அதே சட்டத்தில் வழி செய்தது. அந்தச் சட்டத்தின் வாரிசுதான் பின்னர் தமிழ்நாட்டில் உழவர் குடிகளின் கைரேகையைக் கேட்டது; 1920-ல் பெருங்காமநல்லூரில் மக்களைச் சுட்டுக் கொன்றது. அடக்கியவன் ஒருவனே!

சட்டம் இன்று மாறியிருக்கிறது. திருநர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்று 2014 ஏப்ரல் 15-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வயது வந்த இருவர் மனமொப்பி நேசிப்பது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ல் சொன்னது. ஆனால் சட்டப் புத்தகம் மாறினால் அண்டை வீட்டுக்காரரின் மனம் மாறிவிடுமா? 2017-ல் கொச்சி மெட்ரோ ரயில், திருநங்கைகளை வேலைக்கு அமர்த்தி நாடெங்கும் பெயர் வாங்கியது. சில நாட்களிலேயே அவர்களில் பலர் வேலையை விட்டார்கள். காரணம், குடியிருக்க வாடகை வீடு கிடைக்கவில்லை!

அப்படியானால் மனத்தை மாற்றுவது எது? பட்டவர் தம் வாயால் சொல்லும் கதை. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஆ. ரேவதி, வீட்டில் வாங்கிய அடியையும் போலீஸ் லாக்கப்பில் பட்ட கொடுமையையும் மறைக்காமல் 'வெள்ளை மொழி'யில் எழுதினார். 2021-ல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள், தங்களைப் பிரிக்காதிருக்க ஹைகோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இவ்விஷயத்தில் போதிய புரிதல் இல்லையென்று பகிரங்கமாகச் சொல்லி, மனநல நிபுணரிடம் பாடம் கேட்டார்; இத்தகையோரைச் சந்தித்து அவர்கள் பேச்சைக் கேட்டார். பிறகே தீர்ப்பெழுதினார். நீதிபதியே காது கொடுத்தார். சக தொழிலாளி கொடுக்கலாகாதா?

பிரிட்டனில் 1984-85-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். தன்பால் ஈர்ப்புள்ள லண்டன் வாலிபர்கள், கம்யூனிஸ்டு இளைஞர் மார்க் ஆஷ்டனின் முயற்சியில், உண்டியல் ஏந்தித் தெருவில் நின்று நிதி சேர்த்தார்கள். வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமங்களுக்கே போனார்கள். தொழிலாளர் வீடுகளில் தங்கிப் பேசிப் பழகினார்கள். 1985 ஜூனில் லண்டனில் இவர்கள் நடத்திய ஊர்வலத்தில், சுரங்கத் தொழிலாளர்கள் சங்கக் கொடி பிடித்து முன்னணியில் நடந்தார்கள். அவ்வாண்டு லேபர் கட்சி மாநாட்டில் இவர்களுக்குச் சம உரிமை கோரிய தீர்மானம், சுரங்கச் சங்கத்தின் வாக்குகளையும் பெற்று நிறைவேறியது.

ஆனால் "உன் கதையைச் சொல்" என்று எவரையும் நிர்ப்பந்திக்கலாகாது. சொல்வதும் சொல்லாதிருப்பதும் அவர் உரிமை. சொன்னால் அவருக்குத் தீங்கு வராமல் காப்பது சங்கத்தின் கடமை. நம்பிச் சொன்னதை அவர் சம்மதமின்றி இன்னொருவரிடம் சொல்வது துரோகம்.

வேலையில் திருநரைப் பாகுபடுத்தக் கூடாது, புகார் கேட்க ஓர் அதிகாரி வேண்டும் என்று 2019-ன் சட்டம் கூறுகிறது. நம் கம்பெனியில் அந்த அதிகாரி யார் என்று நிர்வாகத்தைக் கேட்போம். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இந்தப் பாதுகாப்பைக் கோருவோம். கேண்டீனில் கேலி எழுந்தால், "நிறுத்து" என்று சொல்லும் முதல் குரல் சங்கத் தோழருடையதாக இருக்கட்டும். வீடு மறுக்கப்பட்டவருக்குக் கிளைத் தோழர்கள் கூடவே போய் வீடு தேடட்டும்.

ஒருவர் துணிந்து சொன்னால் பத்துப் பேர் பக்கத்தில் நிற்போம். மிரட்டுபவன் கையில் ஆயுதம் இல்லாமற் போகும்!