கருகமணி கிடக்கட்டும், பிரியாணிக்கு யார் காசு?

போன ஞாயித்துக்கிழமை மாதவரம் பால்பண்ணை பக்கம் சொந்தத்துல ஒரு நிக்காஹ். சாப்பிடுற இடத்துல ரெண்டு பேருக்குள்ள சண்டை. பொண்ணுக்கு கருகமணி கட்டுனது தாலி மாதிரி இருக்கு, மார்க்கத்துல இல்லைன்னு ஒருத்தர். எங்கம்மா காலத்துலேர்ந்து கட்டுறோம், அதுல என்ன குத்தம்னு இன்னொருத்தர். நான் தட்டுல இருந்த பிரியாணியைப் பார்த்துட்டிருந்தேன். அதுக்கு காசு கொடுத்தது பொண்ணோட அத்தா.

வெளியாளுங்களுக்காகச் சொல்றேன். நிக்காஹ் பத்து நிமிஷ வேலை. பொண்ணோட சம்மதம், வலி, ரெண்டு சாட்சி, மாப்பிள்ளை கொடுக்க வேண்டிய மஹர். அவ்வளவுதான். மஹர் பொண்ணுக்கே சொந்தம், குர்ஆன்ல நாலாவது அத்தியாயத்துலயே இருக்கு. வலிமா விருந்தும் மாப்பிள்ளை செலவு. சட்டப்படி பொண்ணப் பெத்தவனுக்கு ஒரு பைசா செலவு கிடையாது.

நம்ம ஊர்ல எல்லாம் தலைகீழ். கைக்கூலின்னு அதுக்கு ஒரு பேரு வேற. 1961 வரதட்சணை தடைச் சட்டத்துலயே மஹர் வரதட்சணை ஆகாதுன்னு தனியா எழுதியிருக்கு. கைக்கூலிக்கு அந்த விலக்கு இல்லை.

காயல்பட்டினத்துல மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குக் குடிபோவார், வீடு பொண்ணுக்கு. அது நல்ல வழக்கம்தான், அவளை யாரும் வெளிய போன்னு சொல்ல முடியாது. ஆனா அந்த வீட்டுக்கு செங்கல் வாங்குறது யாரு? அங்கயும் அத்தாதான்.

என் பொண்ணு கல்யாணத்துல ஜமாஅத் தஃப்தர்ல மஹர் ரெண்டு கிராம்னு எழுதுனாங்க. நான் போட்ட 25 பவுன் எதுலயும் எழுதலை. கீரை போட்டிருந்த 20 சென்ட் போச்சு. இப்போ அங்க மூணு மாடி நிக்குது. அன்னைக்கு ஒருத்தரும் ஹராம்னு வாயத் திறக்கலை. கருகமணிக்கு மட்டும் எல்லாருக்கும் மார்க்கம் ஞாபகம் வருது.

இப்போ பையனுக்குப் பார்க்கிறோம். "நாம கொடுத்தது போச்சே, வாங்க வேணாமா?"ன்னு வீட்ல கேட்குறாங்க. அவங்க கேட்குறதுலயும் நியாயம் இருக்கு. இருந்தாலும் போன வாரம் பொண்ணு வீட்டுக்குப் போய், மஹர் மூணு பவுன், ஒத்த விருந்து, அதுவும் எங்க செலவுன்னு சொல்லிட்டேன். பொண்ணோட அத்தா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மெதுவா கேட்டார்:

"தப்பா எடுத்துக்காதீங்க பாய், பையனுக்கு ஏதாச்சும் குறையா?"