வாகனத்துக்கு ஒரு மேற்தோல்: நம்புவதும் நடப்பதும்



போன மாதம் நுணாவிலில் இருக்கும் என் மச்சாள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரின் கணவர் காலமாகி ஒன்பது வருடங்களாகின்றன. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஒரு வெள்ளை வானை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. ஓட்டுபவன் மகன். லீசிங் தவணையை மாதம் தவறாமல் கட்டுபவர் மச்சாள்.

முற்றத்தில் நின்ற வானைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். முன் பொனற் முழுவதும் மஞ்சள் பாரித்து, தேமல் படர்ந்த முகம்போல் இருந்தது. ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ற் பெயர்ந்து, அடியிலுள்ள சாம்பல் நிறப் பூச்சு தெரிந்தது.

"என்ன மச்சாள் இது?" என்று கேட்டேன்.

"பீ.பீ.எப் எண்டு ஒண்டு ஒட்டினனாங்கள். ஏழு வருசத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்லை எண்டு சொன்னவை. ரெண்டு வருசம் ஆகேல்லை, மஞ்சளாப் போச்சு. இவன் ஒரு மூலையைப் பிடிச்சு இழுத்தான், பெயின்றும் சேர்ந்து வந்திட்டுது."

"ஏதும் எழுதித் தந்தவையோ?"

"தெரியாது. தம்பிதான் கதைச்சவன். நான் காப்பை அடகு வைச்சுக் காசைக் குடுத்தனான்."

அந்தக் கடைசி வசனம்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதத் தூண்டியது. தவணை கட்டுவது நாங்கள், நகையை அடகு வைப்பது நாங்கள். ஆனால் கராஜில் கதைக்கும்போது மட்டும் நாங்கள் வேலியோரம் நின்றுவிடுகிறோம். "இது ஆம்பிளையளின்ரை விசயம்" என்று ஒதுங்குகிறோம். காசு எங்களுடையது என்றால் கேள்வியும் எங்களுடையதுதானே?

வாகனம் என்பது எங்கள் பகுதியில் இலகுவில் மாற்றக்கூடிய பொருளல்ல. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த சனம் நாங்கள். அண்மைக் காலத்திலும் 2020 மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இதற்கிடையில் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆகவே இருக்கிற வாகனத்தைப் பேணவேண்டும் என்று எல்லோரும் நினைப்பது நியாயமே. அந்த நியாயமான ஆசையோடுதான் பல தப்பெண்ணங்களும் சேர்ந்து வருகின்றன.

இந்தப் படலம் என்பது என்ன?

பீ.பீ.எப் என்பது வாகனத்தின் பெயின்றுக்கு மேலே ஒட்டப்படும், கண்ணாடிபோல் ஊடாகத் தெரியும் ஒரு படலம். தரமானவை பொலியூரித்தேன் என்னும் இழுபடும் தன்மையுள்ள பொருளால் செய்யப்படுகின்றன. வியட்நாம் யுத்த காலத்தில் ஹெலிகொப்டர்களின் சுழலும் இறக்கை விளிம்புகளை மணலும் கல்லும் அரிக்காமல் காப்பதற்கு இத்தகைய படலம் முதலில் பயன்பட்டது. பின்னர் ஓட்டப்பந்தயக் கார்களுக்கும், அதன்பின் வீட்டுக் கார்களுக்கும் வந்தது. ஹெலிகொப்டர் என்றால் எங்களுக்கு வேறு நினைவுகள் வரும். ஆனாலும் இந்தக் கதையில் ஒரு பாடம் உண்டு. கல்லடியைத் தாங்குவதற்காகவே இது பிறந்தது. அந்த ஒரு வேலையை நன்றாகச் செய்யும். மற்ற எல்லாவற்றையும் செய்யும் என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

"எல்லாம் ஒன்றுதான்"

மூன்று வெவ்வேறு பொருள்களை ஒரே பெயரில் விற்கிறார்கள். நல்ல பாதுகாப்புப் படலம் சுமார் 150 முதல் 200 மைக்ரோன் தடிப்புள்ளது. அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்குக்கு மேற்படாது. நிறம் மாற்றுவதற்கு ஒட்டும் வினைல் ஸ்ரிக்கர் அதில் ஏறக்குறையப் பாதித் தடிப்பே. அது அழகுக்கானது, கல்லடியைப் பெரிதாகத் தாங்காது. மூன்றாவது செரமிக் பூச்சு. இது ஒட்டும் தாளே அல்ல, துடைத்துப் பூசும் திரவம். காய்ந்தபின் ஒருசில மைக்ரோன்தான் இருக்கும். தண்ணீர் முத்தாக உருண்டோடும், கழுவுவது இலகுவாகும். ஆனால் தெறிக்கும் கல்லுக்கு அது தடையாகாது.

மச்சாள் அலுமாரியில் தேடி எடுத்த பற்றுச்சீட்டில் "ஸ்ரிக்கர் வேலை" என்று மட்டுமே இருந்தது. எந்தப் பொருள், எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று ஒரு சொல்கூட இல்லை. எதை ஒட்டினார்கள் என்று இனி யாரிடம் கேட்பது?

"ஒட்டிவிட்டால் கீறலே விழாது"

நல்ல படலத்தின் மேற்பரப்பில் துணி உரசியதால் வந்த மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலோ இளஞ்சூட்டு நீரிலோ தாமாகவே மறையும். இதைக் காட்டித்தான் விற்பார்கள். பித்தளைத் தூரிகையால் உரசி, சூடுகாட்டி, "பாருங்கோ, கீறல் போச்சுது" என்பார்கள். அது கண்கட்டு வித்தையல்ல, உண்மைதான். ஆனால் ஆணியால் இழுத்த கீறல், மதிலில் உரஞ்சிய காயம், முள்ளுக்கம்பி கிழித்தது ஆகியவை படலத்தையே வெட்டிவிடும். வெட்டுப்பட்ட படலம் ஆறாது. அந்தத் துண்டைக் கழற்றிப் புதிதாக ஒட்டவேண்டும். அடிபட்டு நெளிந்த தகரத்தையும் படலம் நிமிர்த்தாது.

"இனிக் கழுவத் தேவையில்லை"

எங்கள் ஊரைப் பொறுத்தவரை மிகவும் கேடான தப்பெண்ணம் இதுதான். தென்மராட்சி மாவும் பலாவும் நிறைந்த மண். நிழலென்று மாமரத்தின் கீழ் வாகனத்தை விடுகிறோம். மாம்பால் கையில் பட்டாலே தோல் பொக்களிக்கும். காக்கையின் எச்சம், இரவில் வௌவால் துப்பும் பழச்சக்கை எல்லாம் பகல் வெயிலில் காய்ந்து இறுகும். அவை பெயின்றில் செய்யும் வேலையைப் படலத்தின் மேற்பரப்பிலும் செய்யும். படலம் செய்வது, அந்தக் கேடு பெயின்றைத் தொடாமல் தடுப்பது மட்டுமே. கண்டவுடன் ஈரத்துணியை ஊறப்போட்டு மெதுவாகத் துடைத்தெடுக்க வேண்டும். காயவிட்டுச் சுரண்டக்கூடாது.

அடுத்தது எங்கள் கிணற்றுத் தண்ணீர். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லினூடாக வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை நாள்தோறும் பார்க்கிறோம். உச்சி வெயிலில் வாகனத்தைக் கழுவி அப்படியே காயவிட்டால் அதே வெள்ளைப் புள்ளிகள் படலத்திலும் படியும். எனவே காலையிலோ மாலையிலோ நிழலில் கழுவி, சுத்தமான பருத்தித் துணியால் உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். உப்புக்காற்றுப் படும் இடங்களில் இருப்போர் வாரம் ஒருமுறையாவது கழுவுவது நல்லது. வாகனத்தின் அடிப்பகுதியையும் மறக்கவேண்டாம். கறள் முதலில் அங்கேதான் தொடங்கும். படலம் அங்கே ஒட்டப்படுவதில்லை.

தும்பும் சலவைத்தூளும் வேண்டாம். மினுக்கம் வருமென்று மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கமும் இன்னும் இருக்கிறது. அது படலத்தின் மேற்பூச்சையும் விளிம்பிலுள்ள பசையையும் கெடுக்கும். புது வாகனத்துக்குக் கோவிலில் பூசை செய்யும்போது வைக்கும் சந்தனம் குங்குமத்தையும் அன்றே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். சாயம் சேர்ந்த குங்குமம் பல நாள் இருந்தால் கறை விழலாம்.

"மேலே ஒட்டினால் உள்ளே உள்ளது மறைந்துவிடும்"

கறள் பிடித்த இடத்தில் படலத்தை ஒட்டுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது போன்றது. கறள் உள்ளே தன்பாட்டில் வளரும். முதலில் தேய்த்துச் சுத்தம் செய்து பெயின்ற் அடிக்கவேண்டும்.

ஆனால் பெயின்ற் அடித்த மறுநாளே ஒட்டவும் கூடாது. புதுப் பெயின்றிலிருந்து ஆவியாக வெளியேறவேண்டிய கரைப்பான் இருக்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே காய்ந்திராது. சாதாரணமாகக் கராஜில் அடித்த பெயின்றுக்கு ஒரு மாதமாவது பொறுப்பது நல்லது. பெயின்ற் அடித்தவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

மச்சாளின் வானுக்கு நடந்தது இதுதான். பொனற்றுக்குப் புதுப் பெயின்ற் அடித்த அடுத்த கிழமையே ஒட்டியிருக்கிறார்கள். அடிப்பூச்சோடு சரியாகப் பிடிக்காத பெயின்ற், பசையோடு சேர்ந்து வந்துவிட்டது.

"படலம் பெயின்றைத் தின்றுவிடும்"

மச்சாளின் வானைப் பார்த்த அயலவர்கள் இப்போது இப்படிச் சொல்லித் திரிகிறார்கள். இதுவும் தவறு. தொழிற்சாலையில் அடித்த பெயின்ற் உறுதியாகப் பிடித்திருக்கும். அதன்மேல் ஒட்டிய தரமான படலத்தை, உரிய காலத்தில், சூடுகாட்டி மெதுவாகத் தாழ்வாக இழுத்து எடுத்தால் பெயின்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து இருப்பது மீள்பெயின்ற் அடித்த இடங்களில்தான். எங்களிடம் உள்ள வாகனங்களில் பெரும்பாலானவை கைமாறி வந்தவை. எங்கே அடிபட்டது, எங்கே பெயின்ற் அடித்தது என்று எமக்குத் தெரியாது. பெயின்றின் தடிப்பை அளக்கும் சிறு கருவி உண்டு. ஒட்டுவதற்கு முன் அதனால் அளந்து பார்க்கும்படி கேளுங்கள்.

மஞ்சளாவதும் அப்படியே. மலிவான படலங்கள் வெயிலில் விரைவில் மஞ்சளாகும். நல்லவை பல வருடங்கள் தாக்குப்பிடிக்கும். ஐந்து முதல் பத்து வருடம் வரை உத்தரவாதம் கொடுப்பவை உண்டு. ஆனாலும் ஆயுள் முழுவதும் இருக்கும் படலம் எதுவுமில்லை. காலம் முடிந்ததும் கழற்றத்தான் வேண்டும். விட்டால் பசை இறுகி, கழற்றும் வேலை இரட்டிப்பாகும்.

"வந்த பொலித்தீனைக் கழற்றாமல் விட்டால் போதும்"

புது மோட்டார் சைக்கிளின் தாங்கியிலும், கார் இருக்கையிலும், கதவின் உட்புறத்திலும் வந்த பொலித்தீனை வருடக்கணக்கில் விட்டுவைப்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். இதைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. எனக்குச் சிரிக்க வரவில்லை. 2000 ஆம் ஆண்டில் சாவகச்சேரியை விட்டு உடுத்த துணியோடு ஓடி, திரும்பி வந்தபோது கூரையில்லாத சுவரைப் பார்த்தவர்கள் நாங்கள். கையில் கிடைத்த புதுப்பொருளைப் பொத்திப் பொத்தி வைக்கத்தான் மனம் சொல்லும்.

ஆனால் அந்தப் பொலித்தீன் தொழிற்சாலையிலிருந்து கடை வரை வருவதற்கு மட்டும் ஒட்டப்பட்டது. வெயிலில் அது பொரிந்து துண்டு துண்டாகும். பசை பெயின்றில் ஒட்டிக்கொள்ளும். இடைவெளியில் தண்ணீரும் தூசியும் புகுந்து தேங்கும். காப்பதற்கென்று விட்டதே கெடுக்கும். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

"ஒட்டினால் முழுவதும் ஒட்டவேண்டும்"

தேவையில்லை. கல் தெறிப்பது முன் பம்பரிலும் பொனற்றின் முன் விளிம்பிலும். நகம் கீறுவது கதவுப்பிடியின் குழிவில். பாடசாலைப் பிள்ளைகளின் சப்பாத்து உரசுவது படியில். இந்த இடங்களுக்கு மட்டும் நல்ல படலம் ஒட்டினால் செலவு பலமடங்கு குறையும். முழு வாகனத்துக்கும் மலிவானதை ஒட்டுவதைவிட, வேண்டிய இடத்துக்குத் தரமானதை ஒட்டுவது சிக்கனம்.

காசு கொடுப்பதற்கு முன் கேட்கவேண்டியவை:

1. இது பொலியூரித்தேனா, வினைலா? தடிப்பு எவ்வளவு? தயாரித்த நிறுவனம் எது?
2. உத்தரவாதம் எத்தனை வருடம்? மஞ்சளாவதும் விளிம்பு கிளம்புவதும் அதில் அடங்குமா?
3. எங்கள் வாகனத்தில் மீள்பெயின்ற் அடித்த இடம் உண்டா என்று பார்த்தீர்களா?
4. பெயின்றுக்கு மேலே கத்தி வைத்து வெட்டுவீர்களா, முன்னரே அளவாக வெட்டியதை ஒட்டுவீர்களா?
5. இவை எல்லாவற்றையும் பற்றுச்சீட்டில் எழுதித் தருவீர்களா?

ஐந்தாவது கேள்விக்குத் தயங்குபவரிடம் உங்கள் காசைக் கொடுக்கவேண்டாம்.

மச்சாள் மீதிப் படலத்தை வேறொரு கராஜில் சூடுகாட்டிக் கழற்றுவித்தார். பொனற்றுக்குத் திரும்பப் பெயின்ற் அடிக்க வேண்டியதாயிற்று. காப்பு இன்னும் அடகிலேயே இருக்கிறது. அன்று கராஜுக்கு மகனோடு அவரும் போனார். "என்னம்மா, நீங்களும் வந்திட்டியள்?" என்று கேட்டார்களாம்.

"தவணை கட்டுறது நான்தானே தம்பி. எனக்கும் விளங்கச் சொல்லுங்கோ" என்றிருக்கிறார்.

விளங்கச் சொன்னார்களாம். இப்போதைக்கு ஒன்றும் ஒட்டவில்லை. பெயின்ற் நன்றாகக் காயட்டும், பிறகு படிக்கும் கதவுப்பிடிகளுக்கும் மட்டும் பார்ப்போம் என்று முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறார். வான் இப்போது மாமரத்தின் கீழ் நிற்பதில்லை. கிணற்றடிப் பக்கமாக ஒரு கிடுகுக் கொட்டில் போட்டிருக்கிறார்கள். அதற்குச் செலவு மிகக் குறைவு.