காரில் கறையா? பழி யார் மேல்?

சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஆசையாய் வாங்கிய வெள்ளைக் கார் வாசலில் நிற்கிறதாம். சாயங்காலம் பார்த்தால் மேலெல்லாம் மஞ்சள் புள்ளி. "பக்கத்து வீட்டுப் பையன்தான் எதையோ தெளிக்கிறான்னு இவர் சொல்றார். சண்டை வந்துடுமோன்னு பயமா இருக்கு" என்கிறார்.

பையனைக் கொஞ்சம் விடுங்கள், அம்மா. முதலில் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். மரம் இருக்கிறதா? தேன்கூடு இருக்கிறதா? பிறகு கொடியில் காயும் வெள்ளைத் துணியைப் பாருங்கள். அதிலும் அதே புள்ளியா? எள்ளளவு, கடுகளவில், பிசுபிசுவென்று இருக்கிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் தேனீயின் எச்சம்தான். பறக்கும்போதே போட்டுவிட்டுப் போகும். மஞ்சள் நிறம் அது தின்ற மகரந்தத்தால் வருவது. ராத்திரி காரைத் துடைத்து வைத்து விடியற்காலையில் பாருங்கள். புள்ளி இல்லாமல், பகலில் மட்டும் விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்காக ஊரே நடுங்கியதும் உண்டு. 2002-ல் கொல்கத்தாவை அடுத்த சங்கராம்பூரில் பச்சை மழை பெய்ததென்று ஜனங்கள் விஷமோ என்று பயந்தார்கள். பரிசோதித்தால், அத்தனையும் தேனீ எச்சம்! நம் தெருவில் ஒரு பையன் மேல் பழி விழுவது பெரிய அதிசயமா?

மற்ற கறைகளையும் இனம் கண்டுகொள்ளலாம். நான் சொல்லும் வழி, கழுவிய பிறகு விரலால் மெதுவாகத் தடவிப் பார்ப்பது. மேடாக இருந்தால் ஏதோ ஒட்டியிருக்கிறது. பள்ளமாக இருந்தால் பெயிண்டையே அரித்துவிட்டது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது, பாலிஷ் போடுகிறவரிடம்தான் போக வேண்டும்.

மாமரம் பூக்கும் தை, மாசியில் அதன் அடியில் நின்ற கார் பிசுபிசுக்கும். மரத்துப் பிசின் என்று நினைப்போம். பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி விடும் இனிப்புக் கசிவு அது. நாள்பட விட்டால் அதன்மேல் கரும்பூசணம் படரும். அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஷாம்பு கலந்து கழுவினால் போய்விடும். தேனீப் புள்ளிக்கும் இதுவே போதும்.

காக்கை, புறா எச்சம்தான் பொல்லாதது. அதிலுள்ள யூரிக் அமிலம், வெயிலில் சுட்ட தகரத்தின்மேல் பெயிண்டைச் சீக்கிரம் அரிக்கும். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள், அதிலுள்ள மணல் கீறிவிடும், தூசும் மூக்கில் ஏறும். ஈரத்துணியைப் பத்து நிமிஷம் மேலே போட்டு, ஊறியதும் அப்படியே வழித்து எடுங்கள்.

வெள்ளை வளையம் வளையமாய் இருந்தால் போர் தண்ணீரின் உப்பு. கழுவியதும் துடைக்காமல் வெயிலில் காயவிட்டால் வரும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நிழலில், கார் சூடு ஆறிய பிறகு, துணியால் ஒற்றுங்கள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் நல்ல தண்ணீரால் அலசித் துடைத்துவிடுங்கள்.

சக்கரத்துக்கு மேலே கறுப்புப் பொட்டா? தார். தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டுத் துடையுங்கள். பிறகு ஷாம்பு தண்ணீர். ரயில்பாதைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் சொரசொரவென்று புள்ளி வரும். அது இரும்புத் தூள். தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். அதற்கென்று உள்ள மருந்தை ஒர்க்‌ஷாப்பில் போடச் சொல்லுங்கள்.

சாம்பல், தேங்காய் நார், பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் கார் பக்கமே போகக்கூடாது. பெயிண்டின்மேல் உள்ள பளபளப்புப் பூச்சு ஒரு தலைமுடியின் கனம்கூட இராது. எதைப் போட்டாலும் முதலில் கண்ணில் படாத ஓரத்தில் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. "தின்னர் போட்டா ஒரு நிமிஷத்துல போயிடும்" என்பார்கள். கறையோடு பெயிண்டும் போகும். பெட்ரோலோ தீயை அழைக்கும். இதில் மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி மாடிப்படிக்கடியில் வைக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தவழும் குழந்தைக்கு அது ஜூஸ்! ஒரு வாய் போனால் நுரையீரலைப் பாதிக்கும். அப்படி நேர்ந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காருக்குப் பெயிண்ட் மறுபடி அடித்துக்கொள்ளலாம். குழந்தையும் பக்கத்து வீட்டு உறவும் அப்படியல்லவே! இன்றைக்கே படிக்கட்டுக்கடியில் எட்டிப் பாருங்கள், சகோதரிகளே.