பந்தியில் இருந்தவன்

பெரிய வியாழன் இரவு இடுக்கி மலையோரத்துச் சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் பெசகா அப்பம் அவிப்பார்கள். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைப் புளிக்க விடுவதில்லை. அதன்மேல் குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலையில் ஒரு சிலுவை. ஜெபம் முடிந்ததும் வீட்டில் மூத்தவர் அப்பத்தைப் பிட்டு, வயது வரிசையில் கொடுப்பார். தேங்காய்ப்பாலில் வெல்லமிட்டுக் காய்ச்சிய பாலும் உண்டு. அந்த ஆண்டு துக்கம் நடந்த வீட்டில் அப்பம் அவிப்பதில்லை, அண்டை வீட்டார் கொடுத்தனுப்புவார்கள். மூணாறு எஸ்டேட் தமிழர்களின் கோயில்களிலும் பாலக்காட்டுத் தமிழ்ப் பங்குகளிலும் அன்றைக்குப் பாதம் கழுவும் சடங்கு.

இவையெல்லாம் இயேசு தம் சீடர்களோடு உண்ட கடைசிப் பந்தியின் நினைவு. அந்த முதல் பந்தியில், அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் இருந்தான். யோவான் நற்செய்தியின்படி அவன் எழுந்து போனது பாதம் கழுவி முடித்த பிறகுதான். அப்படியென்றால் அவன் காலையும் இயேசு கழுவியிருக்கிறார். அப்பத்தைத் தோய்த்து அவன் கையில் கொடுத்திருக்கிறார். பணப்பை அவனிடம் இருந்ததால், பண்டிகைக்கு ஏதோ வாங்கப் போகிறான் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் திடீரென்று தடுமாறியவனும் அல்ல. முன்பே தலைமைக் குருக்களிடம் போய் விலை பேசி, 30 வெள்ளிக்காசு பெற்று, தோதான வேளை பார்த்துக் காத்திருந்தவன்.

ஆனால் என்னை உலுக்குவது மற்ற பதினொருவர். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னபோது அவர்கள் அடுத்தவனைக் கைகாட்டவில்லை. அது தானாக இருக்குமோ என்று ஒவ்வொருவரும் கலங்கிக் கேட்டதாக மத்தேயு எழுதுகிறார். திருச்சபை தன்னைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அதைக் கேட்காமல், இயேசுவின் சாவுக்கான பழியை ஒரு இனத்தின் தலையில் கட்டினார்கள். இயேசுவும் பேதுருவும் யூதர்களே என்பது மறந்துபோய், யூதாஸ் மட்டும் யூதனானான். ஐரோப்பா நூற்றாண்டுகளாக வளர்த்த அந்த வெறுப்பு போர்ச்சுகீசியரோடு நம் கரைக்கும் வந்தது. 1560-இல் கோவாவில் அமைந்த திருச்சபையின் சமய விசாரணை மன்றம், யூத வழிவந்த புதுக் கிறிஸ்தவர்களையும் குறிவைத்தது. அதே காலத்தில் கொச்சி ராஜா மட்டாஞ்சேரியில் தன் அரண்மனையை ஒட்டியே யூதர்களுக்கு இடம் கொடுத்தார். 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. வேதம் கையில் இல்லாத அரசனுக்கு இருந்த நியாயம் வேதம் சுமந்து வந்தவர்களுக்கு இல்லாமல் போனது நமக்கு வெட்கம்.

இயேசுவின் பாடுகளுக்காக அன்றைய யூதர் எல்லாரையுமோ இன்றைய யூதரையோ குற்றம் சாட்டக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965 அக்டோபர் 28-இல். ஆனாலும் இயேசுவை யூதர்கள் கொன்றார்கள் என்ற பேச்சு நம் பெரிய வெள்ளிப் பிரசங்கங்களில் இன்னும் காதில் விழுகிறது. பீடத்தில் நிற்பவர்கள் அதை நிறுத்த வேண்டும்.