நிறுத்தத் தெரியுமா?

நூலறுந்த பட்டம் ஏதாவது ஒரு மரத்தில் சிக்கி அடங்கிவிடும். எண்ணெயில் ஓடும் விளையாட்டுப் படகின் சுபாவம் வேறு. ரேடியோ அலை என்னும் கண்ணுக்குத் தெரியாத நூல் அறுந்துவிட்டால், தொட்டியில் எண்ணெய் தீரும் வரையில், அல்லது எதன் மேலாவது மோதும் வரையில், அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆகையால் இப்படகை ஓட்டுவதைப் பற்றி எழுதப் புகுந்த நாம், நிறுத்துவதைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறோம்.

கம்பியில்லாமல் படகை நடத்தும் வித்தை பழையதுதான். 1898-ம் வருஷத்திலேயே நிக்கோலா டெஸ்லா என்னும் மேதை நியூயார்க் நகரத்தில், ஒரு தொட்டி ஜலத்தில் சிறு படகை மிதக்கவிட்டு, தொடாமலே அதை நடத்திக் காட்டினார். அது மின்சாரப் படகு. மின்சாரத்தைத் துண்டித்தால் நின்றுவிடும். மெதனாலில் ஓடும் சிறு யந்திரத்திலோ, கிளப்பும்போது மட்டுமே மின்கலம் வேண்டும். பிறகு 'க்ளோ ப்ளக்' என்ற திரியிலுள்ள பிளாட்டினக் கம்பி தானாகவே கனன்றுகொண்டிருக்கும். துண்டிப்பதற்கு மின்சாரமே இல்லை! எண்ணெயையோ காற்றையோ அடைத்தால்தான் யந்திரம் ஓயும்.

இதற்காகத்தான் 'ஃபெயில்சேஃப்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அலை நின்றவுடன், படகிலுள்ள வாங்கும் கருவி தானே எண்ணெய் வழியை மூடிவிட வேண்டும். மூடுகிறதா என்று யந்திரத்தைக் கிளப்புவதற்கு முன்பே பாருங்கள். கையிலுள்ள அனுப்பும் கருவியை அணைத்தால், கார்ப்யுரேட்டரின் வாய் அடைபட வேண்டும். அடைபடவில்லையா? அன்று படகு ஜலத்தில் இறங்கக் கூடாது. இந்தச் சோதனை தவிர மற்றச் சமயங்களில், அனுப்பும் கருவியை முதலில் ஏற்றிக் கடைசியில் அணைப்பதே முறை. இக்காலத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை ஜலம் விழுங்கிவிடும். ஆதலால் படகின் ஏரியல் ஜலமட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கவிழ்ந்தாலும் மூழ்காதபடி, படகின் உட்புறத்தில் மிதக்கும் நுரைக்கட்டிகளை அடைத்து வையுங்கள்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். நம் பாட்டிமார் குழந்தைகளைத் துரத்திப் பிடித்துப் புகட்டிய விளக்கெண்ணெய்க்கு இங்கேயும் வேலை உண்டு. மெதனாலோடு கலந்து சென்று, யந்திரத்தின் உள்ளுறுப்புகள் தேயாமல் காப்பது அதுதான். ஆனால் மெதனால் கொடிய விஷம். சிறிதளவு உட்கொண்டாலும் கண் பறிபோகலாம். எனவே குடிக்கும் பானத்தின் புட்டியில் அதை ஒருபோதும் ஊற்றி வைக்கலாகாது. அது பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் ஜுவாலை கண்ணுக்குப் புலப்படாது என்பது இன்னோர் அபாயம். சூடான யந்திரத்தின் அருகே எண்ணெய் ஊற்றக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

கரையில் இருவர் வேண்டும். ஒருவர் படகைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் யந்திரத்தைக் கிளப்பட்டும். பின்புறத்து விசிறி கத்திக்குச் சமானம். விரலும் வேட்டி நுனியும் அதை அணுகலாகாது. யந்திரத்தைக் குளிர வைப்பது ஏரி ஜலமே. ஆகையால் தரையில் அதை வெகுநேரம் ஓட விடாதீர்கள். குளிப்போரும் நீந்துவோரும் உள்ள இடம் இதற்கு உரியதன்று. நடு ஏரியில் படகு நின்றுபோனால், அதற்காக நீந்திச் செல்வது மகா அசட்டுத்தனம். துடுப்புப் படகில் செல்லலாம். இல்லையேல் காற்று அதைக் கரை சேர்க்கும் வரை காத்திருக்கலாம். ஒரு பொம்மைக்காக உயிரைப் பணயம் வைப்பார்களா?

விளையாட்டு முடிந்ததும், மிச்ச எண்ணெயை வடித்துவிட்டு, யந்திரத்தில் மசகெண்ணெய் விட்டு வையுங்கள். உள்ளே தங்கும் ஈரம் துருவாகிவிடும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இத்தகைய படகு வேண்டுமென்று கேட்டால், "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேளாதீர்கள். "எப்படி நிறுத்துவாய்?" என்று கேளுங்கள். அதற்குத் தடுமாறாமல் பதில் சொல்லி, செய்தும் காட்டுகிறவனிடம் தாராளமாகப் படகைக் கொடுக்கலாம்.