சுயநிதி யாருடைய நிதி?

'சுயநிதிக் கல்லூரி' என்று பெயர் வைத்தவர் கெட்டிக்காரர். கட்டணம் கட்டுவது பெற்றோர். அவர்களால் முடியாதபோது கட்டுவது அரசு. இதில் 'சுயம்' எங்கே என்று நானும் தேடித்தான் பார்க்கிறேன்.

அரசு ஒதுங்கிக்கொண்டால் போட்டி வரும், போட்டி வந்தால் தரம் உயரும் என்கிறார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1980களின் நடுவில், தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. அவற்றால் கிராமத்துப் பிள்ளைகள் ஏராளமானோர் பொறியாளர் ஆனார்கள், மறுக்கவில்லை. ஆனால் அரசு ஒதுங்கியதா? குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை 2010இல் வந்தது. பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் வந்தபோது, அவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்றது. ஆதிதிராவிட மாணவர்களுக்கான உதவித்தொகை தனி. கஜானாவை நம்பி நடக்கும் இதற்குச் சந்தை என்று பெயர்!

சரி, தரம்? ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டியது 2024இல் அம்பலமானது. இத்தனை ஆண்டுப் போட்டி இதைத் தடுக்கவில்லை. தடுக்கவும் முடியாது. கத்தரிக்காய் சொத்தை என்றால் மறுநாள் வேறு கடைக்குப் போகலாம். நான்கு வருடப் படிப்பு சொத்தை என்று ஐந்தாம் வருடம் தெரிந்தால் எந்தக் கடைக்குப் போவது?

2024-25 கல்வியாண்டு முதல், தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. ஒரு பாடப்பிரிவுக்கான இட உச்சவரம்பையும் நீக்கியது. விலைபோகும் கணினிப் பிரிவுக்கு இடங்களைக் கூட்டிக்கொள்ளலாம். சிவிலும் மெக்கானிக்கலும் எப்படியோ போகட்டும். பாலம் கட்ட ஆள் வேண்டுமே என்ற கவலை சந்தைக்குக் கிடையாது.

தமிழ் பற்றியும் அதற்குக் கவலை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேரகராதி வேலையை 1913இல் தொடங்கியது. ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன, அனுபந்தம் 1939இல். சொற்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆசிரியராக இருந்த வையாபுரிப்பிள்ளையிடம் ஆண்டுதோறும் வருமானக் கணக்குக் கேட்டிருந்தால் அகராதி 'க'வைத் தாண்டியிருக்காது. எந்த முதலீட்டாளர் அத்தனை வருடம் காத்திருப்பார்?

அந்தப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வரிப் பாக்கிக்காக வருமான வரித் துறை 2024இல் முடக்கியது. அதற்கும் நாம் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: சொந்தமாகச் சம்பாதித்துக்கொள். எதை விற்று? அகராதியையா? அதை எல்லோரும் கைபேசியில் காசில்லாமல் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.